அமுக்குவானின் பாஷை

என் கடை நாற்காலியில் சாயாத ஒரே மனிதர் அவர்தான்.

மலாயாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் நான் முடிதிருத்தும் கடை போட்ட புதிதில், ஒரு சீனரிடமிருந்து பழைய நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டேன். முதுகுப் பலகை பின்னால் சாயும். தலை வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு திண்டு. எங்கள் தெருவில் வேறு எந்தக் கடையிலும் அப்படியொரு நாற்காலி கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ரயில்வேக்காரர்களில் பாதிப் பேர் முகம் மழித்துக்கொள்ள வந்தார்களா, அதில் சாய வந்தார்களா என்று கேட்டால் எனக்கே தெரியாது. சாய்ந்த மறுநிமிஷம் குறட்டை விடுவார்கள்.

இவர் மட்டும் படம் பிடிக்க உட்கார்ந்தவர் மாதிரி விறைப்பாக உட்காருவார். ஆள் நல்ல உயரம், கதவை அடைக்கிற அகலம். தாடைக்குக் கீழே கத்தி போக வேண்டுமென்றால் நான்தான் தரையில் முட்டி போட வேண்டும்.

"சாஞ்சுக்குங்கண்ணே. கழுத்துக்கடியில கத்தி ஓட மாட்டேங்குது."

"வேணாம் தம்பி. சாஞ்சா ஏறிடுவான்."

"யாரு?"

"அமுக்குவான்."

நான் சிரித்துவிட்டேன். அமுக்குவான் பேய் யாருக்குத்தான் தெரியாது? தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏறி உட்காரும். விழிப்பு வந்துவிடும், ஆனால் கை கால் அசையாது. கத்தலாம் என்றால் குரல் வராது. எல்லாருக்கும் எப்போதாவது ஒருமுறை வருவதுதான். விடிந்ததும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மறந்துபோவோம். காலை பத்து மணி வெயிலில், முடிதிருத்தும் கடையில், முகத்தில் சோப்பு நுரையோடு அதற்குப் பயப்படுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ரயில்வே கேட்டில் அவருக்கு வேலை. கேட்டை மூடுவது, திறப்பது. பக்கத்திலேயே சின்னதாக ஒரு குடிசை. அதில் படுப்பதற்கு இடம் உண்டு, அவர் படுக்க மாட்டார். சுவரில் முதுகை வைத்துக் கால் நீட்டி உட்கார்ந்தபடியேதான் தூக்கம். பல வருஷமாக அப்படித்தான் என்று கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைனில் சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. 'அமுக்குவான்காரர்' என்றால்தான் தெரியும்.

கேட் விஷயத்தில் அவர் மேல் தெருவுக்கே கோபம். ரயில் எங்கேயோ இருக்கும், புகைகூடத் தெரியாது, இவர் கேட்டை மூடிவிடுவார். மாட்டு வண்டிகள், ரிக்‌ஷாக்கள், பாசாருக்குப் போகிற பெண்கள் எல்லாரும் வெயிலில் நிற்பார்கள். ரயில்வே ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தினமும் இதில் மாட்டிக்கொள்வார்.

"காணும், ரயில் இன்னும் கிள்ளானில நிக்குது. நீர் இங்க கேட்டை மூடிப்போட்டு நிக்கிறீர். என்ன விளையாட்டு இது?"

"நில்லுங்கய்யா. ஒருத்தர் போயிட்டா நான் பதில் சொல்ல முடியாது."

எத்தனை திட்டினாலும் அதே பதில். கோபப்பட மாட்டார், கேட்டையும் திறக்க மாட்டார்.

இன்னொரு விசித்திரம். எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் பக்கத்துக் கடையிலிருந்து காப்பி வாங்கிக் கொடுப்பது வழக்கம். "எப்படிண்ணே இருக்கு?" என்றால், "குடிச்சிட்டேன்" என்பார். ஊரிலிருந்து தம்பியைக் கூட்டிவரலாமா, இங்கே வேலை எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். "எனக்குத் தெரியாதுப்பா, என்னையக் கேக்காத." பாதி முகம் மழித்தபடியே ஒருமுறை எழுந்து போயிருக்கிறார். சரியான பிடிவாதக்காரர் என்று நானும் திட்டியிருக்கிறேன்.

அழகு என்று அவரிடம் இருந்தது மீசை ஒன்றுதான். இரண்டு பக்கமும் முறுக்கி மேலே ஏற்றிய மீசை. நரைத்த பிறகும் அதன் மிடுக்குக் குறையவில்லை. அதை ஒதுக்கிவிட நான் தனியாக நேரம் எடுத்துக்கொள்வேன். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினால், பார்க்க மாட்டார். அவ்வளவு நல்ல மீசையை வைத்துக்கொண்டு கண்ணாடி பார்க்காத மனிதர்!

அவர் கடையில் வாயைத் திறந்து பேசுவது ஒரே விஷயத்துக்காக. வேற்று பாஷைக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால் மெதுவாக நகர்ந்து பக்கத்தில் போவார். 

"உங்க பேச்சுல அதுக்கு என்ன பேரு?"

நான்தான் இடையில் நின்று விளக்க வேண்டும். கையை நெஞ்சில் வைத்து அழுத்திக் காட்டுவேன், நாக்கை வெளியே தள்ளிக் காட்டுவேன். வாடிக்கையாளர்கள் பயந்துபோகாமல் இருந்தது அவர்கள் நல்ல குணம். தெருமுனையில் காவல் நிற்கிற மலாய்ப் போலீஸ்காரர் பார்த்த உடனே பிடித்துக்கொண்டார்.

"ஓ, கெனா திண்டே! ஹந்து திண்டே லா!"

ஹந்து என்றால் பேய், திண்டே என்றால் அமுக்குவது. அவர் வீட்டிலும் உண்டாம். கம்பத்தில், அதாவது கிராமத்தில், அவருடைய மாமாவுக்கு வாரம் தவறாமல் வருமாம். நம்ம ஆள் அந்தப் பெயரை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார், "எறங்கச் சொல்றதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"துருன்! ஜாங்ஙான் காச்சாவ்!"

இறங்கு, தொந்தரவு பண்ணாதே என்று அர்த்தம். போலீஸ்காரர் அதைச் சொன்ன அதட்டலில் சோப்புக் கிண்ணம் என் கையிலிருந்து விழப் பார்த்தது.

அடுத்த நாளிலிருந்து கேட்டில் ஒரே வேடிக்கை. தண்டவாளத்தில் ஏறுகிற ஆட்டுக்கும் 'துருன்', மாட்டுக்கும் 'துருன்'. வாய் பழக வேண்டும் அல்லவா? ஆடுகள் சட்டை செய்யவில்லை.

கிராணி இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இது பேயுமில்லை, பிசாசுமில்லை. பின்னேரம் திண்ட பிலாப்பழம் வயித்தில கிடந்து படுத்துற பாடு."

"இங்கிலீஷ்ல அதுக்கு என்னங்கய்யா பேரு?" என்றார் இவர், விடாமல்.

"நைட்மேர்."

"அப்படின்னா?"

"நைட் எண்டால் இரவு. மேர் எண்டால் பெண்குதிரை."

"வெள்ளைக்காரனுக்குக் குதிரையா ஏறுது?" என்று நான் கேட்டேன். கடை முழுக்கச் சிரிப்பு. கிராணிக்கு முகம் சுருங்கிவிட்டது. படித்த மனிதர், சும்மா விடுவாரா? ஆபீஸில் இருந்த பெரிய அகராதியைப் புரட்டிவிட்டு அடுத்த வாரம் வந்தார். நாற்காலியில் சாயும் முன்பே ஆரம்பித்தார்.

"நான் போன கிழமை சொன்னது பிழை. அந்த மேர் குதிரையில்லை. அது அவையின்ர பழைய சொல். நித்திரையில நெஞ்சில ஏறி இருக்கிற பேய்க்குத்தான் அந்தப் பேர். பேயை மறந்திட்டினம், சொல் மட்டும் மிஞ்சிக் கிடக்கு."

எங்கள் ஆள் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இன்னுமொண்டு கிடக்கு. இன்குபஸ். லத்தீன்காரரின்ர சொல். மேல படுக்கிறவன் எண்டு அர்த்தம். முதல்ல பேய்க்கு மட்டும்தான் சொன்னவை. பிறகு பார்த்தால் வரி, கடன், கொடுங்கோல் ராசா, ஆளை நெரிக்கிற எல்லாத்துக்கும் அதையே சொல்லத் தொடங்கிட்டினம். இப்ப இங்கிலீஷ்ப் பேப்பரில கூட அந்த அர்த்தத்திலதான் வருது."

லத்தீன்காரர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் நெஞ்சிலும் அது ஏறியிருக்கிறது என்பது என்னவோ ஆறுதலாக இருந்தது.

"எறங்கச் சொல்றதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் இவர்.

"அது அகராதியில இல்லைக் காணும்."

லத்தீன்காரர்களுக்குப் பல காலம் பிடித்த காரியம் பிரிக்ஃபீல்ட்ஸில் சில வாரங்களிலேயே முடிந்துவிட்டது. கூலிக்காரர்களை விரட்டுகிற மண்டோர் 'அமுக்குவான்' ஆனார். விருந்துக்கு வந்து கிளம்பாமல் இருக்கிற மச்சான் 'அமுக்குவான்' ஆனார். ஒருத்தர் தன் மாமியாரைக் கடையில் வைத்து அப்படிச் சொல்லிவிட்டு, யாராவது வீட்டில் போய்ச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். சொல் கடையை விட்டு இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்தது. எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அதைக் கொண்டுவந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் இப்படி எல்லா பாஷையிலும் கேட்கிறீர்கள் என்று ஒரு மழை நாளில் கேட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"ஊர்ல இருந்தவரைக்கும் எனக்கு வந்ததே இல்ல தம்பி. இங்க வந்தப்புறம்தான். அப்படின்னா இது இந்த மண்ணுப் பேயாத்தானே இருக்கணும்?"

"இருக்கலாம்."

"இந்த மண்ணுப் பேய்க்குத் தமிழ் எப்படித் தெரியும்? நான் தமிழ்ல திட்டித் திட்டிப் பாத்தேன், எறங்கல. பாஷை தெரியாமத்தான் உக்காந்திருக்குன்னு நெனைக்கிறேன். மலாய்ல சொன்னா எறங்குதான்னு பாக்கணும். எறங்கிட்டா நான் பொழைச்சேன்."

"இறங்கிட்டா சரி. எந்த ஊருப் பேயா இருந்தா என்ன?"

"அப்படியில்ல தம்பி," என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்த 'பொழைச்சேன்' எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

பிறகு அந்த மோசமான காலம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன, ரயில்வேயும் குறைத்தது. வேலையில்லாதவர்களைச் சர்க்கார் செலவிலேயே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். லைனில் வீட்டுக்கு வீடு மூட்டை கட்டினார்கள். தங்க வழியில்லாதவர்கள் போனார்கள், போக இஷ்டமில்லாதவர்கள் அழுதுகொண்டே போனார்கள். என் நாற்காலியும் பாதி நாள் காலியாகவே கிடந்தது.

கேட் வேலையும் போயிற்று. குடிசையையும் விடச் சொல்லிவிட்டார்கள். வயதான ஆள், வேறு வேலை கிடைக்கப் போவதில்லை. கப்பல் சும்மா கிடைக்கிறது. முசிறிப் பக்கம் ஒரு கிராமம்தான் அவர் ஊர் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று நானும் சொன்னேன், போலீஸ்காரரும் சொன்னார். 

"நான் போக மாட்டேன்" என்றார். சும்மா அல்ல, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இது இந்த ஊருப் பேய்தான்னு மட்டும் தெரிஞ்சுட்டா, இங்கயே எங்கயாவது கெடந்து செத்துப்போறேன். போ போன்னு சொல்லாத தம்பி."

பகலெல்லாம் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு மதியம். நல்ல மழை. மழைக்கு ஒதுங்கின போலீஸ்காரர் வாசலிலும், கிராணி பெஞ்சிலும் இருந்தார்கள். சும்மாதானே இருக்கிறோம் என்று இவரை நாற்காலியில் உட்காரவைத்து முகத்தில் வெந்நீர்த் துணி போட்டேன். பல நாள் தூங்காத மனிதர், வெந்நீர் ஆவியில் கண் செருகிவிட்டது. நாற்காலி பழசு. அவருடைய கனத்தைத் தாங்காமல் திருகாணி வழுக்கி, முதுகுப் பலகை மெல்லப் பின்னால் போயிற்று. அவரும் அதோடு சாய்ந்தார்.

துணியை எடுத்தபோது கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கிறார், ஆனால் அசைவில்லை. தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு மட்டும் வருகிறது. அவ்வளவு பெரிய நெஞ்சு ஏறி இறங்கவில்லை. நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். கல் மாதிரி கிடந்தார்.

போலீஸ்காரர் ஓடி வந்து தன் முழு அதிகாரத்தோடு கத்தினார்: "துருன்! துருன்! ஜாங்ஙான் காச்சாவ்!"

ஒன்றும் நடக்கவில்லை. பேயை நம்பாத கிராணிகூட எழுந்து நின்று இங்கிலீஷில் ஏதோ அதட்டினார். அதற்கும் ஒன்றுமில்லை. அவர் உதடு நீலம் பாய ஆரம்பித்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் காதருகே குனிந்து, அவரிடம் அல்ல, அவர் மேல் உட்கார்ந்திருப்பதிடம் கெஞ்சினேன்.

"எறங்குங்க. வயசான மனுஷன், தாங்க மாட்டாரு. கொஞ்சம் எறங்குங்க சாமி."

பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. கை அசைந்தது. எழுந்து உட்கார்ந்தார். சும்மா இருந்தாலும் தானாகத் தெளிந்திருக்கும் என்று கிராணி பிற்பாடு சொன்னார். எனக்கும் அதுதான் அபிப்பிராயம். ஆனால் அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"மலாய்ல சொன்னாங்களா?"

"சொன்னாங்கண்ணே."

"எறங்கலையா?"

நான் கீழே விழுந்திருந்த துணியை எடுத்துப் பிழிந்தேன்.

"நீ தமிழ்ல சொன்ன. மரியாதையா, எறங்குங்கன்னு சொன்ன. எனக்குக் கேட்டுச்சு." கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. திட்டிக்கிட்டே இருந்துட்டேன். அவங்கதான் தம்பி. எங்காளுங்கதான்."

அன்றைக்குத்தான் சொன்னார். கடை நடுவில், மூன்று பேர் முன்னால்.

வாலிபத்தில் அவர் கிள்ளான் பக்கம் காப்பாரில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கங்காணிக்குக் கையாளாக இருந்திருக்கிறார். தோட்டம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. ஆள் வேண்டும். கங்காணி தன் கோட்டையும் கடிகாரத்தையும் குடையையும் இவருக்குக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். மீசையை முறுக்கிக்கொண்டு ஊர்க் கோயில் முன்னால் போய் நின்றாராம். மலாயா எப்படி இருக்கும் என்று எல்லாரும் கேட்டார்கள். "நல்லாருக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு கூட்டமே கப்பலேறி வந்தது. எல்லாரும் சொந்தக்காரர்கள், பங்காளிகள். பெண்டு பிள்ளைகளைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். காப்பார் அப்போது வெறும் சதுப்பு. முதல் மழைக்கே காய்ச்சல் பிடித்தது. ஒருத்தர் பின் ஒருத்தராகப் போனார்கள். இவருக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. அவர்களுக்கு வந்தது போகவில்லை.

"எல்லாரையும் நான்தான் பொதைச்சேன். சொல்லாம கொள்ளாம கெளம்பி வந்துட்டேன். ஊருக்குச் சேதி சொல்லல. எப்படிச் சொல்றது? அவங்க பொண்டாட்டிங்க இன்னும் பொட்டு வெச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டிருப்பாங்க தம்பி. ஒரு கை எள்ளுந் தண்ணியும் அவங்களுக்கு யாரும் விடல."

அப்படிக் காணாமல் போனவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. கடிதம் வராவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பான், வேறு குடும்பம் வைத்திருப்பான் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். செத்தவனுக்கு அந்தப் பழியும் சேரும்.

இவ்வளவு வருஷமாக அவர் பாஷை பாஷையாகப் பெயர் கேட்டதெல்லாம், அது யாரோ ஒரு அன்னியப் பேயாக இருந்துவிடாதா என்கிற நப்பாசைதான். எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. அழுகைதான் வந்தது. கிராணி குடையை எடுத்துக்கொண்டு, மழை விடாதபோதே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது, கப்பலுக்குப் பெயர் கொடுக்கிற இடத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

போகவே மாட்டேன் என்றிருந்தவர், கப்பலுக்குப் போகிற நாள் காலையில் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "எடுத்துரு" என்றார்.

"எதை?"

"மீசையை. தலையையும் மழிச்சுரு. கருமாதிக்குச் செய்யற மாதிரி. அவங்க எல்லாருக்கும் நான்தானே செய்யணும்."

எங்கள் ஆட்களுக்கு ஊரில் முடி வெட்டுவதோடு வேலை முடியாது. சாவு வீட்டில் முன்னால் நிற்பதும் நாங்கள்தான். யாருக்கு எப்போது மழிக்க வேண்டும், எங்கே வைத்து மழிக்க வேண்டும் என்று எங்கள் அப்பாவைக் கேட்டுத்தான் ஊர் நடக்கும். கத்தியைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

"இங்க எடுக்கக்கூடாதுண்ணே."

"ஏன்?"

"சேதி சொன்னப்புறம்தான் கருமாதி. அது அவங்க ஊர்ல, அவங்க வீட்டு ஆளுங்க முன்னால நடக்கணும். அந்த ஊர்ல மழிக்க ஆள் இருப்பாங்க. இந்த மீசையப் பாத்துத்தானே உங்க பின்னால வந்தாங்க? இதோடயே போய் நில்லுங்க. அடையாளம் தெரியணும்ல."

அவர் முதல்முறையாகக் கண்ணாடியைப் பார்த்தார். மீசையை நான் நன்றாக எண்ணெய் தடவி முறுக்கிவிட்டேன். கிளம்பும்போது காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

கப்பல் நிற்கிற போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்குப் போகிற ரயிலில் அவரைப் போலீஸ்காரர்தான் ஏற்றிவிட்டார். 

அதற்கப்புறம் சேதி இல்லை. கேட்டில் புது ஆள் வந்தான். ரயில் மூக்குக்கு நேராக வரும்வரை கேட்டை மூட மாட்டான். கிராணிக்கு ஆபீஸ் தாமதமாவது நின்றுபோயிற்று. ஆனாலும் கேட் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

சில வருஷம் கழித்து ரப்பர் விலை ஏறி, ஊரிலிருந்து மறுபடியும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் கப்பல் அழுக்குப் போகாத வேட்டியோடு ஒருவன் வந்தான். என்னைவிடக் கொஞ்சம் இளையவன். நேராக நாற்காலியில் ஏறி, நான் சொல்லாமலே சாய்ந்துகொண்டான். வாட்டமாக இருக்கட்டும் என்று முழங்கையை அவன் நெஞ்சில் ஊன்றிக் கத்தியை எடுத்தேன். அவன் கண்ணை மூடியபடியே சிரித்தான்.

"துருன், துருன்."

கத்தியை எடுத்துவிட்டேன். "மலாய் எப்படித் தெரியும் உங்களுக்கு? இப்பத்தானே வந்தீங்க?"

"இது மலாயா? எங்க ஊர்ல எல்லாரும் சொல்றதுதாங்க. மேல ஏறுன பிள்ளைங்கள எறங்கச் சொன்னா 'துருன்'னு சொல்லுவோம். எங்க ஊர்ல ஒரு பெரியவரு இருக்காரு. எம் பசங்க ரெண்டும் பொழுதன்னைக்கும் அவரு நெஞ்சு மேலதான். மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஏத்தி விட்டுக்குவாரு. குதிச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. 'துருன்'னு அவரு சொன்னாத்தான் எறங்கும்ங்க."

நான் அவனை எழுந்து உட்காரச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டேன். முசிறிப் பக்கம் என்றான்.

அவனுடைய அப்பா காப்பாரில் செத்தவர்களில் ஒருவர். அப்போது இவன் கைக்குழந்தை. சில வருஷம் முன்பு ஊர் திரும்பிய பெரியவர் கோயில் முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"எங்கம்மா வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வந்து அடிச்சாங்க. அவரு தடுக்கவே இல்ல. அடிச்சு ஓஞ்சுபோயி, உள்ள போயித் தாலியக் கழட்டுனாங்க. அன்னைக்கே அவருக்கு மீசைய எடுத்தாச்சு. ஊர் மொத்தமும் ஆத்துக்குப் போயி எள்ளுந் தண்ணியும் விட்டோம். ஒரு வீட்ல மட்டும் இன்னும் அவருக்குத் தண்ணி குடுக்க மாட்டாங்க. அவங்க வீட்ல மூணு பேரு போயிட்டாங்க. அவரு தெனமும் போயி அவங்க மாட்டுக்குத் தீனி போட்டுட்டு வந்துருவாரு."

"இப்ப நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"பொழைக்கத்தான். அப்படியே எங்கப்பா கெடக்கற எடத்தயும் பாக்கணும். காப்பார்ல எங்கன்னு அடையாளம் சொல்லி விட்டிருக்காரு."

சோப்பு முகத்தில் காய்ந்துவிட்டது. மறுபடி நுரைத்துப் போட்டேன். என் கடைக்கு எப்படி வந்தீர்கள், இந்தத் தெருவில் இத்தனை கடை இருக்கிறதே என்று கேட்டேன்.

"அதுவும் அவருதாங்க சொன்னாரு. மலாயா எப்படி இருக்கும் பெரியப்பான்னு கப்பலேர்ற வரைக்கும் கேட்டேன். ஒரு வார்த்த சொல்லல. வண்டியில ஏர்றப்பத்தான் பக்கத்துல வந்து சொன்னாரு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல, ரயில் கேட்டுக்கிட்ட, முடிவெட்டுற கடை ஒண்ணு இருக்கு. அங்க நாற்காலி நல்லாருக்கும். பயப்படாம சாஞ்சுக்கன்னாரு."

நான் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஏற்கெனவே தீட்டியிருந்த கத்தியை இன்னொரு தடவை தீட்டினேன்.